வியாதியும் "ஆண்மை"யும்

நமது மக்கள் சர்க்கரை வியாதியால் கண் மங்கினால் டாக்டரிடம் போய்ச் சொல்லுகிறார்கள். கால் மரத்துப்போனாலும் சொல்லுகிறார்கள். அதே வியாதியின் பயனாய் ஆண்குறிக்கு விறைப்பு வராமற் போய்விட்டால் மாத்திரம் டாக்டரிடமும் சொல்லுவதில்லை, பெண்ஜாதியிடமும் சொல்லுவதில்லை. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பினால் எத்தனையோ குடும்பங்கள் கெட்டுப்போவதைப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

முதலாவது, இக்குறை இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். விறைப்பு என்பது அவ்வுறுப்பில் இரத்தம் பாய்ந்து நிறைவதேயல்லாமல் வேறில்லை. நரம்பு தூண்ட, நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிட, இரத்தம் உள்ளே வருகிறது. இவ்வாயு இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்காக 1998-ம் வருஷத்தில் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. நீரிழிவும், இரத்த அழுத்தமும், புகையிலையும் இக்குழாய்களைக் கெடுக்கின்றன. நீரிழிவு நரம்புகளையும் கெடுக்கிறது. புராஸ்டேட் ஆபரேஷனாலும், முதுகுத்தண்டில் படும் அடியாலும், சில மருந்துகளாலும், மனச்சோர்வினாலுங்கூட இக்குறை உண்டாகலாம். நீரிழிவுள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் நமது புராணங்கள் என்ன கற்பித்தன? யயாதிக்கு மூப்பு வந்தது சுக்கிராச்சாரி சாபமாம். பாண்டு பெண்ணைத் தீண்ட முடியாமற் போனது ஒரு ரிஷியின் சாபமாம். யயாதி தன் மகனுடைய வாலிபத்தையே வாங்கிக்கொண்டு போகம் அனுபவித்தானாம். அவன் மனைவிமாருக்கு என்ன வேண்டியிருந்தது என்று அக்கதையில் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இப்படி வியாதியைச் சாபமென்றும், ஆணின் மதிப்பு முழுவதும் ஓர் உறுப்பில் இருப்பதாகவும் பிள்ளைப் பிராயமுதல் கேட்டு வளர்ந்தவன், அவ்வுறுப்பு சோர்ந்தவுடன் தானே செத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுகிறான்.

இந்தப் பயத்தை முதலாக வைத்துப் பிழைக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தம் என்று பயமுறுத்துகிறவனும், சிட்டுக்குருவி லேகியம் விற்கிறவனும், ஊர் ஊராய் லாட்ஜில் அறை எடுத்து "ஆண்மைக் குறைவுக்கு" வைத்தியம் செய்கிறவனும் அக்கூட்டத்தார்தான். புணர்ச்சிச் சக்தியைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்திலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் இந்த வியாபாரம் நடக்கிறதென்றால், அதை நடத்திவைப்பது நமது வெட்கமேயாகும்.

வீட்டுக்குள் நடப்பது இதைவிடக் கொடுமை. புருஷன் வாய் திறவாமல் படுக்கையைத் திண்ணைக்கு மாற்றிக்கொள்ளுகிறான். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். தன்னால் முடியாததினாலேயே அவள்மீது சந்தேகங்கொள்ளுகிறவனும் உண்டு. அவளோ தன்னைப் பிடிக்காமற் போயிற்றோ, வேறு எவளாவது ஏற்பட்டுவிட்டாளோ என்று தனக்குள் அழுகிறாள். பிள்ளையில்லாவிட்டால் மலடியென்ற பேரும், அரசமரம் சுற்றும் வேலையும் அவளுக்கே. வியாதி ஒருவனுக்கு; தண்டனை இருவருக்கும். பெண்ணுக்கும் ஆசை உண்டு, மனம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத சமூகத்தில் வேறென்ன நடக்கும்?

ஆகவே நாம் சொல்லுவதாவது: புருஷன் உள்ளதை உள்ளபடி பெண்ஜாதியிடம் சொல்லட்டும். இருவரும் சேர்ந்தே படித்த டாக்டரிடம் போகட்டும். இதில் உயிர்ச் சங்கதியும் அடங்கியிருக்கிறது. ஆண்குறிக்குப் போகும் இரத்தக் குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இருதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். சிறிய குழாயில் கோளாறு முதலில் தெரிகிறதால், மாரடைப்புக்குச் சில வருஷங்களுக்கு முன்பே இக்குறை எச்சரிக்கையாக வருவதுண்டு. வெட்கத்தால் இதை மறைக்கிறவன் அந்த எச்சரிக்கையை இழந்துபோகிறான். 1998 முதல் சில்டெனாபில் என்னும் மாத்திரை இருக்கிறது; பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர் அதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிரே போகலாம். ஆதலால் கடையில் தானாக வாங்கி விழுங்குவது பெருந்தவறு.

மாத்திரை பலிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு இல்லறம் முடிந்துவிட்டதா? இல்லவே இல்லை. கை இருக்கிறது, வாய் இருக்கிறது, தோள் இருக்கிறது, பேச்சு இருக்கிறது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்ஸன் என்ற இருவர் 1970-ம் வருஷத்தில் வெளியிட்ட தங்கள் சிகிச்சை முறையில், தம்பதிகளைப் புணர்ச்சியைச் சில நாள் அடியோடு நிறுத்திவைத்து, ஒருவரையொருவர் தொட்டுத் தடவி மகிழ மாத்திரம் சொன்னார்கள். பயம் நீங்கியவுடன் பலருக்கு உடலும் தேறிற்று. விறைப்பில்லாமலே பெண்ணுக்கு இன்பம் உண்டாகும் என்பதை நம் ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவளையே கேட்க வேண்டும். வேண்டாமென்றால் அதுவும் அவளுடைய உரிமையே.

சுயமரியாதைத் திருமணத்தை ஒரு வாழ்க்கை ஒப்பந்தம் என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். 1967-ம் வருஷத்தில் அதற்குச் சட்டமும் செய்யப்பட்டது. அவ்வொப்பந்தம் இரண்டு மனிதர்களுக்குள் செய்துகொண்டதேயொழிய, ஓர் உறுப்போடு செய்துகொண்டதல்ல. மேடையில் தாலியும் புரோகிதனும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டில் "ஆண்மை" என்னும் பழைய சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பவன் எந்தச் சுயமரியாதையைக் கண்டவன்? வியாதியை வியாதியென்று சொல்லும் தைரியமும், கூட வாழ்கிறவளைத் தோழராக நினைக்கும் யோக்கியதையும் எவனிடம் இருக்கின்றனவோ அவனே முழு மனிதன் என்பது நமது அபிப்பிராயம்.