பனி பெய்யுமா, ஸார்?

எங்கள் ஊரில் பனி என்றால், மார்கழி காலையில் புதுக்குளத்தைச் சுற்றி வாக்கிங் போகிற பெரியவர்கள் மங்கி கேப் மாட்டிக்கொள்வதற்கு ஒரு காரணம். அவ்வளவுதான். தமிழுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சிக்கனம். புல் நுனியில் நிற்பதும் பனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கொட்டுவதும் பனி. இந்தக் குழப்பத்தில்தான் எங்கள் ஆபீஸ் பையன்கள் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"ஸார், குல்மார்க் போறோம். ஸ்கீயிங்."

"சைக்கிள்ல டபுள்ஸ் ஏத்துனாலே சாயுற ஆளு நீ. கட்டையைக் கால்ல கட்டிக்கிட்டு மலையில சறுக்கப் போறியா?"

"கிண்டல் பண்ணாதீங்க ஸார். பாருங்க, ஜனவரி 18-ம் தேதி ஸ்னோன்னு செல்போன்லயே போட்டிருக்கு."

காலண்டரைப் பார்த்தேன். அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஆலங்குடியில் இன்று சாயங்காலம் மழை வருமா என்பதற்கே ஆயிரம் யோசனை செய்கிறவர்கள் நாம். ஏழு வாரம் கழித்து எந்தத் தேதியில் எந்த மலையில் பனி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் படம் காட்டுவது பழைய வருடங்களின் சராசரியைத்தான். சுருக்கமாகச் சொன்னால், "தை மாசம் அங்கே குளிரும்."

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தலைக்கு நாற்பதாயிரம் செலவு என்றான். அதில் ஒருவனுக்கு அவன் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். சீட்டுப் பணம் என்றதும் எனக்கு டீ இறங்கவில்லை.

காரணம், எங்கள் கேஷியர். 2024 ஜனவரியில் குடும்பத்தோடு குல்மார்க் போய் வந்தவர். ஆல்பம் காட்டினார். ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு பழுப்பு நிறப் புல்தரையில் குடும்பமே நிற்கிறது. பின்னணியில் ஒரு மாடு இருந்திருந்தால் கந்தர்வகோட்டை என்று சத்தியம் செய்திருப்பேன். அந்த வருடம் ஜனவரியில் பெரும்பகுதி அங்கே வறட்சி. மாதக் கடைசியில்தான் பனி கொட்டத் தொடங்கியது. கேஷியர் அதற்குள் ஊருக்கு வந்து பொங்கல் கரும்பும் தின்று முடித்திருந்தார். 2025-லும் இதே கதை. பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அரசாங்கமே ஏமாறும்போது கேஷியர் எம்மாத்திரம்!

நமக்குக் கத்திரி வெயில் மாதிரி, காஷ்மீரில் 'சில்லை கலான்' என்று நாற்பது நாள் உண்டு. டிசம்பர் 21-ல் ஆரம்பித்து ஜனவரி கடைசி வரை கடுங்குளிர். ஆனால் குளிர் மட்டும் இருந்தால் பனி விழாது, ஈரமும் வரவேண்டும். நமக்கு மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான், பாகிஸ்தான் வழியாக ஒரு காற்றுச் சுழல் வரவேண்டும். அதற்கு 'மேற்கத்திய இடையூறு' என்று பெயர். பெயர்தான் இடையூறு, அவர்களுக்கு அதுதான் சோறு. அடுத்த இடையூறு எப்போது என்பது ஐந்தாறு நாள் முன்பு ஓரளவு தெரியும். மூன்று நாள் முன்பு நன்றாகவே தெரியும். பத்து நாளைக்கு மேல் சொல்வதெல்லாம் கிளி ஜோசியத்துக்குப் பக்கத்து வீடு.

"எழுபது சதவீதம்னு போட்டிருக்கே ஸார்?" என்றான் இரண்டாமவன்.

எழுபது சதவீதம் என்றால் நாளில் எழுபது சதவீத நேரம் பெய்யும் என்று அர்த்தமில்லை. இதே போலப் பத்து நாள் வந்தால் ஏழு நாளில் ஏதாவது விழும். அந்த 'ஏதாவது' ஒரு தூறலாகவும் இருக்கலாம். நம் வானிலை அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்று வருகிறதே, அதற்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால் பங்குக்கு மேல் நனையாது என்பதுதான் அது. அந்தக் கால் பங்கில் நம் தெரு இல்லையென்றால் "பொய் சொல்றான்" என்று திட்டுகிறோம்.

அளவையும் பார்க்கவேண்டும். ஒரு சென்டிமீட்டர் மழைத் தண்ணீர் பனியாக விழுந்தால் சுமாராகப் பத்து சென்டிமீட்டர் உயரம் நிற்கும். படி அரிசி பொரியானால் மூட்டையாகிற மாதிரி. குளிர் அதிகமானால் இன்னும் உப்பும், ஈரப் பனியானால் அமுங்கிவிடும்.

அடுத்தது உயரம். கிலோமீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். குல்மார்க் ஊர் இருப்பது ஏறக்குறைய 2,650 மீட்டரில். கோண்டோலா என்கிற கம்பி வண்டி ஏறி முடிகிற அஃபர்வாட் சரிவு 3,950 மீட்டரில். கீழே இரண்டு டிகிரியில் மழை பெய்து உங்கள் ஜெர்கின் நனையும்போது, மேலே மைனஸ் ஆறில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஸ்ரீநகர் இதற்கும் ஆயிரம் மீட்டர் கீழே. ஆகவே ஸ்ரீநகருக்கான அறிக்கையைப் பார்த்துவிட்டு குல்மார்க்குக்குப் பெட்டி கட்டக்கூடாது. புதிதாகச் சறுக்கக் கற்பவர்களுக்கு மேலே எத்தனை அடி இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஊருக்குள், அடிவாரப் புல்வெளியில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்கவேண்டும்.

"அப்ப நிறைய பெய்ஞ்ச மறுநாள் போனா ஜாலிதானே?" என்றான் மூன்றாமவன். சீட்டுப் பணக்காரன்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பெருமழைக்கு மறுநாள் கண்மாய்க் கரையில் யாராவது நிற்பார்களா? புதுப் பனி கனமாக விழுந்த அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் பனிச்சரிவுக்கு ஆபத்தான நேரம். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலும் விபத்து. 2024 பிப்ரவரி 22-ம் தேதி குல்மார்க்கில் அப்படிச் சரிந்து, வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்துபோனார். சில நாட்களாகக் கனத்த பனி. வானிலை அறிக்கையை மட்டும் படித்தால் போதாது, பனிச்சரிவு எச்சரிக்கை தனியாக வரும், அதையும் படிக்கவேண்டும்.

நமக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2018 நவம்பர் 15 இரவு நினைவிருக்கிறதா? கஜா புயல் நாகப்பட்டினம் பக்கம் கரை கடக்கும் என்றார்கள். நம் மாவட்டத்தின் பெயரும் எச்சரிக்கையில் இருந்தது. ஆனால் 'நாகப்பட்டினம்' என்று காதில் விழுந்ததோடு நான் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. எங்கள் சித்தப்பா தோப்பில் நின்ற மரங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். அறிக்கை சரியாகத்தான் சொன்னது. நான்தான் பாதி கேட்டேன்.

பையன்களுக்குக் கடைசியில் சொன்னது இதுதான். ஜனவரி நடுவில் வேண்டாம், பிப்ரவரியில் போங்கள். ரத்து செய்தால் பணம் திரும்புகிற டிக்கெட்டாக எடுங்கள். கையில் இரண்டு நாள் லீவு கூடுதலாக வையுங்கள். பனி கொட்டினால் விமானம் நிற்கும், காற்று அடித்தால் கோண்டோலா நிற்கும். கிளம்ப ஐந்து நாள் முன்பு ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். தங்கும் விடுதிக்குப் போன் போட்டு "இன்னிக்கு வாசல்ல எவ்வளவு நிக்குது?" என்று கேளுங்கள். "சூப்பர் ஸார், வாங்க" என்று பதில் வந்தால், இன்றைக்கு எடுத்த போட்டோ கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் பணக்காரனின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, நீங்கதான் எல்லாம் படிக்கிறீங்களாமே. அங்க பனி பெய்யுமா, பெய்யாதா?"

"கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடி கேளுங்கக்கா, சொல்றேன்."

"மூணு நாள் முன்னாடி சொல்ல நீங்க எதுக்கு? அதான் போன்ல வந்துருமே!"

ஏழு வாரம் முன்னால் போன் சொன்னதை நம்பிய பையனின் அம்மா, எனக்கு வானிலைப் பாடம் நடத்திவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.