பத்திரம் எழுதுமுன் மண்டலம் பார்ப்போம்

சிட்னியின் லகெம்பாவில், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் முஸ்லிம்கள். பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்லலாம். ரமளான் இரவுகளில் ஹால்டன் தெரு உறங்குவதில்லை. ஆயினும் மூன்று பிள்ளைகளும் வயது முதிர்ந்த பெற்றோரும் உள்ள குடும்பத்திற்கு அங்கே இரண்டு அறை அடுக்ககம் போதாது. ஆகவே நம் இளங்குடும்பங்கள் புறநகர் விளிம்பை நோக்கி நகர்கின்றன. அங்கே வீடு உண்டு, பள்ளிவாசல் இல்லை.

உடனே நாம் செய்வது என்ன? ஒரு வீட்டை வாங்கி ஜமாஅத்தைத் தொடங்கிவிடுகிறோம். நியூ சவுத் வேல்ஸில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு மண்டலம் உண்டு. ஆர்2 எனப்படும் அடர்த்தி குறைந்த குடியிருப்பு மண்டலத்தில் வழிபாட்டிடத்தை அனுமதிப்பதா என்பது அந்தந்த நகராட்சியின் முடிவு. ஆர்3இல் ஒப்புதல் பெற்று அமைக்கலாம். தேவாலயத்திற்கும் இதே விதிதான். ஜும்ஆ நாளில் அண்டை வீட்டாரின் வாசலை மறித்து வாகனம் நிறுத்திவிட்டு, புகார் வந்ததும் இனவெறி என்பது நியாயமன்று. அண்டை வீட்டாரின் ஹக்கை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனவெறியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2008இல் கேம்டனில் இஸ்லாமியப் பள்ளிக்கூடத்திற்கு எதிராக எழுந்த கூச்சலை யார் மறப்பார்? ஆனால் நகராட்சி மறுத்ததும் மறு ஆண்டு மேல்முறையீடு தோற்றதும் திட்டமிடல் காரணங்களின் பேரில்தான். பொருந்தாத மனை, வெறுப்பவர்களுக்கு நாமே தரும் கேடயம்.

அதே விதிகள் நமக்கு உதவவும் செய்யும். குறைந்தது 450 சதுர மீட்டர் மனையில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 60 சதுர மீட்டர் வரை துணைவீடு ஒன்றை எளிய நடைமுறையிலேயே கட்டலாம். பெற்றோரை அருகில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எது? 2025 முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட ரயில் நிலையங்களிலிருந்து 800 மீட்டருக்குள் தொடர்வீடுகளும் நடுத்தர உயர அடுக்ககங்களும் எளிதாகியுள்ளன. சொந்த வீடு கிடைத்துவிட்ட நம்மவர்களே இதை எதிர்ப்பதுதான் வியப்பு! வட்டிக்கு அஞ்சி இன்னும் வாடகையில் இருக்கும் சகோதரனுக்கு அந்த அடுக்ககமே நம்பிக்கை. எதிர்ப்பதை விடுத்து, மூன்று படுக்கையறை வீடுகளைக் கேட்போம்.

நகராட்சி புதிய திட்டத்தைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் எவரும் கருத்து எழுதி அனுப்பலாம். மண்டல வரைபடம் இணையத்தில் இலவசம். பள்ளிவாசலுக்கு வசூல் தொடங்குமுன் ஜமாஅத் நிர்வாகிகள் அதைத் திறந்து பார்க்கட்டும்.