கழுகுக்குக் காட்டிய கருணை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர்களில், உத்தியோகக் காலம் முடிந்து, மாடிப்படி ஏறமாட்டாமல் முழங்காலைப் பிடித்து நிற்கும் வயோதிகர்கள், வைத்தியரை நாடுமுன் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது நித்திய வழக்கமாகிவிட்டது. வைத்தியரின் சீட்டின்றி அதை விற்கலாகாது என்பது சட்டம்; கேட்பார்தாம் இல்லை.

இம்மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்றுக் கூட்டங்கூட்டமாய் மடிந்ததால், 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அதைப் பிரயோகிப்பதை நம் அரசாங்கம் தடுத்தது. பறவைக்குக் காட்டிய ஜாக்கிரதையில் பாதியையேனும் பாட்டிக்குக் காட்டலாகாதா?

வலி மாத்திரையோடு, ரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளும், நீர் பிரிவதற்கான மாத்திரையும் ஒரே தேகத்தில் சேரும்போது, சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி திடீரெனக் குன்றக்கூடும். சிறுநீரகத்தின் நிலையை அறியச் செய்யும் கிரியாட்டினின் பரிசோதனையோ, தசை மெலிந்த முதியவரிடத்தில் இயல்பான எண்ணைக் காட்டி ஏமாற்றவும் வல்லது; ஆதலால் வயதையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறை. சிறுநீரகம் நெடுநாள் தளர்ந்திருந்தால், வைட்டமின் டி உடலுக்குப் பயன்படும் வடிவம் பெறாமல், எலும்பும் பலவீனமுறும்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவ்வாறு வரும் ஊழியர்கள் முதியவரின் மருந்துப் பெட்டியையும் திறந்து பார்த்து, வலி மாத்திரை இருப்பின் ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியருக்குத் தெரிவிக்கும் கடமையைச் சுகாதாரத் துறை உடனே விதிக்க வேண்டும்.