பெரிய மீனைத் தண்ணீரில் விட்டது பைத்தியக்காரத்தனமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஜனவரி மாதம் டெக்சாசில் கால்வெஸ்டன் விரிகுடாவில் மகனோடு தூண்டில் போட்ட படத்தை இங்கே பகிர்ந்திருந்தேன். 24 அங்குல ட்ரவுட் மீன். படம் எடுத்ததும் தண்ணீரில் விட்டுவிட்டோம் என்று எழுதியதுதான் தாமதம், கேலி மழை! "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டலையே சார்" என்றான் ஒரு மாணவன். "கிடைச்சதை விடுறது பைத்தியக்காரத்தனம் மச்சான்" என்றார் ஓர் உறவினர். டல்லாஸில் இருக்கும் இன்னொரு மாணவன் ஐஸ் பெட்டிப் படமே அனுப்பிவிட்டான். "நாலு பேர் போனோம் சார், சட்டப்படி 12. ஒண்ணுகூட விடலை."

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த மீனை விடச் சொன்னவன் என் மகன். நான் கோபித்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை அவனோடு பேசவில்லை. பிறகு விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் செய்ததே சரி.

பெயர்தான் ட்ரவுட். மலை ஓடைகளில் வாழும் உண்மையான ட்ரவுட்டுக்கும் இதற்கும் உறவில்லை. இது நம் ஊர்க் கத்தாளையின் குடும்பம். முதுகில் கரும்புள்ளிகள் இருக்கும். இந்த இனத்தில் மிகப் பெரிதாக வளர்பவை பெரும்பாலும் பெண் மீன்கள். வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரை பல முறை, லட்சக்கணக்கில் முட்டையிடும். அதாவது நான் குழம்புக்குக் கேட்ட மீன், வரப்போகும் தலைமுறையின் தாய்.

அடுத்தது குளிர். வடக்குக் காற்று வீசினால் விரிகுடாவின் நீர் கடல் பக்கம் தள்ளப்பட்டு மட்டம் இறங்கும். மீன் சோர்ந்துபோய் ஆழமான பள்ளங்களிலும் கால்வாய்களிலும் கூட்டமாக ஒதுங்கும். வெயில் ஏறிய பிற்பகலில் சேறும் சிப்பியும் கலந்த ஆழமற்ற இடங்களுக்கு இரை தேடி வரும். அப்போதும் துரத்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது. "மெதுவா இழுங்கப்பா, இன்னும் மெதுவா" என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தது அதனால்தான். பொறுமையாகத் தேடிப் பிடிப்பது திறமை. கடுங்குளிரில் ஒரே பள்ளத்தில் ஒடுங்கி நிற்பதை அள்ளுவதில் என்ன திறமை இருக்கிறது?

"கடல்ல மீனுக்கா பஞ்சம்?" என்று கேட்கிறீர்கள். 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் டெக்சாஸ் கரையோரம் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன என்பது அந்த மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீடு. ட்ரவுட்டும் நிறையச் செத்தது. இப்போது கடுங்குளிர் வந்தால், மீன் ஒதுங்கும் ஆழமான இடங்கள் சிலவற்றில் தூண்டில் போடவே தற்காலிகமாகத் தடை விதிக்கிறார்கள். கால்வெஸ்டன் பக்கம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 மீன் என்றிருந்தது 2019-ல் 5 ஆனது. 2024-ல் 3 ஆனது. அதுவும் 15 முதல் 20 அங்குலம் வரைதான். மிகப் பெரிய மீன் ஒன்றை மட்டும் தனிச் சீட்டு வைத்து எடுக்கலாம். பஞ்சமே இல்லையென்றால் இந்தக் கணக்கு ஏன் சுருங்கிக்கொண்டே வருகிறது?

"சட்டம் மூணு எடுக்கச் சொல்லுதே" என்கிறாய், தம்பி. சட்டம் எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு மேல் எடுக்காதே என்கிறது. 35 மதிப்பெண் தேர்ச்சிக்கு எல்லை. 35 எடுத்தால் போதும் என்று நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? இந்த மீனின் சதை மென்மையானது. உறைபெட்டியில் நாள்கணக்கில் வைத்தால் குழைந்துவிடும். 12 மீனில் எத்தனை குழம்புக்குப் போயின, எத்தனை குப்பைக்குப் போயின? கணக்கு எனக்கு வேண்டாம், உன் மனசுக்குள் சொல்லிக்கொள்.

இது யாருடைய பிழைப்பிலும் கை வைக்கிற பேச்சும் அல்ல. டெக்சாசில் பிடித்த இந்த மீனை விற்க 1981-லேயே தடை வந்துவிட்டது. அங்கே இது பொழுதுபோக்கு மட்டுமே. நம் கிழக்குக் கரையிலோ, இனப்பெருக்கக் காலம் என்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கடலையே நம்பி வாழ்கிறவர் இரண்டு மாதம் பொறுக்கிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு விடுமுறையில் தூண்டில் போடுகிற நமக்கு ஒரு மீனை விட மனம் வரவில்லை.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. "விடுறதுக்கு எதுக்கு சார் பிடிக்கணும்? அது மட்டும் கொடுமை இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். கொடுமைதான் அம்மா. படத்துக்காக நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விடுவதை நானும் ஏற்கவில்லை. சாப்பாட்டுக்கு வேண்டியது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். அளவு மீறியது மாட்டினால் ஈரக் கையால் பிடித்து, தாமதிக்காமல் விட வேண்டும். நாங்கள் படத்துக்காகத் தாமதித்ததும் தப்புதான்.

அடுத்த குளிர்காலத்திலும் போவேன். இரவுக் குழம்புக்கு ஒரு மீன் போதும். மச்சான், நீங்களும் வாருங்கள். பெரியது மாட்டினால் அதை விடும் வேலை உங்களுடையது.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.