பம்ப் செட்டையே மாத்தணும் சார்!

பைக் வழியில் நின்றுபோவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இயந்திரம் என்றால் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நின்ற வண்டியில் அக்கம்பக்கத்து மெக்கானிக் யாரும் கை வைக்க முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிட்டு, வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவது ஞாயிற்றுக்கிழமை பைக் ஓட்டிகள் பலரின் வழக்கம். நானும் மைத்துனரும் ஆளுக்கொரு பைக்கில் அப்படித்தான் போனோம். பாலுச்செட்டிசத்திரம் தாண்டி, தாமல் ஏரி பக்கம் வந்ததும் என் வண்டி திக்கித் திணறி அடங்கிவிட்டது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு. சாவி போட்டதும் டேங்குக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் வருமே, அதையும் காணோம்.

டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஓடுகிற 48-ஆம் எண் நெடுஞ்சாலை அது. கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது ஆளையே இழுக்கிறது. ஒதுங்க ஒரு மரநிழல் கிடையாது. ஊருக்குள் இருப்பதுபோல மைத்துனர் பின்னாலிருந்து காலால் தள்ளிக்கொண்டு வரலாம் என்றால், இந்தச் சாலையில் அது உயிருக்கு உலை. ஓரமாக உருட்டிக்கொண்டே கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். வண்டி வாங்கும்போதே தனியாகப் பணம் கட்டி வாங்கிய உதவி இது. இந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு. தமிழுக்கு எண்ணே இல்லை. அந்தப் பெண் பின்கோடு கேட்டார். நெடுஞ்சாலையில் நிற்கிறவனுக்குப் பின்கோடு எப்படியம்மா தெரியும்? ஒருவழியாக இடத்தைப் புரியவைத்தால், கார் தூக்குகிற வண்டிதான் இருக்கிறது, பைக்குக்கு நாளைதான் என்றார்.

ஊருக்குள் ஒரு மெக்கானிக் கடை திறந்திருந்தது, நல்லவேளை. அறுபதைத் தொட்டவர். சாவியைத் திருப்பி, டேங்க்கில் காதை வைத்துக் கேட்டார். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், ரிலேயை மாற்றிப் பார்த்தார். "பம்ப் மோட்டார் போயிடுச்சு சார்" என்றார். இவ்வளவுக்கும் ஆன நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

"மாத்திடலாமாண்ணா?"

"மோட்டார் தனியா தர மாட்டாங்க சார். பம்ப் செட்டையே மாத்தணும். அதுவும் கம்பெனி சர்வீஸ்லதான். நான் கை வெச்சா வாரன்டி போச்சும்பாங்க."

கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர், சரிசெய்யவும் தெரிந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை.

கார்பரேட்டர் காலத்தில் பெட்ரோல் தானாகவே டேங்கிலிருந்து கீழே இறங்கும். பேட்டரி செத்தாலும் கிக்கர் இருந்தது. அதுவும் கைவிட்டால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் கார்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. புகை குறைந்தது, நல்லதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெட்ரோலை அனுப்புகிற பம்ப் ஓடாது. தள்ளினாலும் பயனில்லை. கிக்கரையும் பல வண்டிகளில் எடுத்துவிட்டார்கள். புகையைக் குறைக்கச் சொன்ன சட்டம், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மோட்டாரைத் தனியாக விற்காதே என்று எங்கே சொன்னது? காஞ்சிபுரத்துத் தறியில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிறார்கள். பாவையே மாற்று என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை.

இதில் வேடிக்கை, காஞ்சிபுரம் மோட்டார் சைக்கிள் செய்கிற மாவட்டம். ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு 2013 முதல் வண்டி தயாரிக்கிறது. வல்லம் வடகாலில் யமஹாவுக்கும் ஆலை இருக்கிறது. (என் வண்டி இந்த இரண்டு கம்பெனியுடையதும் இல்லை, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அத்தனை வண்டி பிறக்கிற மண்ணில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பம்ப் மோட்டாருக்கு வழியில்லை.

கடைசியில் குட்டியானை ஒன்றைப் பேசி, வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிச் சென்னைக்கே கொண்டுவந்தோம். வேலூர்க் கோட்டை அடுத்த முறைக்கு. சர்வீஸ் சென்டரிலும் அந்த மெக்கானிக் சொன்ன அதே வாக்கியம்தான், 'பம்ப் செட்டையே மாத்தணும் சார்!' பில் மட்டும் கூடுதல்.

மத்திய அரசு 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் உண்டு. இணையதளத்தோடு நிற்காமல், உதிரிபாகங்களைத் தனித்தனியாக விற்கவும், ஸ்கேனரையும் கையேட்டையும் சின்னக் கடைகளுக்கும் நியாயமான விலையில் கொடுக்கவும் கம்பெனிகளைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் 1033 என்ற இலவச உதவி எண்ணைப் போனில் போட்டு வையுங்கள். புது வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பம்ப் மோட்டார் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.