மாஜிஸ்திரேட்டின் கையைக் கட்டியது யார்?

நிலச்சுவான்தாரின் அடியாள் கூலிக்காரனின் கையை ஒடித்துவிடுகிறான். ஸ்டேஷனில் பிராதை வாங்க மறுக்கிறார்கள். ஆலை வாசலில் நின்ற தொழிலாளியைப் போலீசாரே இழுத்துப் போய் உதைக்கிறார்கள். அதே ஸ்டேஷனில் யாரிடம் பிராது கொடுப்பது? இந்த ஏழைகளுக்குச் சட்டத்தில் ஒரு கதவு இருந்தது. போலீசை விசாரிக்கச் சொல்லி உத்தரவிடுங்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். 1973-ம் வருடத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 156(3)-வது பிரிவு அது.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் அந்தச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அதிலுள்ள சங்கதியை நாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 175(3)-வது பிரிவு என்ன சொல்கிறது? முதலில் ஸ்டேஷனில் பிராது கொடு. வாங்காவிட்டால் போலீஸ் சூப்பரின்டெண்டுக்கு எழுது. அப்புறம் அபிடவிட்டுடன் மாஜிஸ்திரேட்டிடம் வா! அங்கேயும் போலீஸ் அதிகாரி சொல்வதைக் கேட்ட பிறகே உத்தரவு.

சர்க்கார் ஊழியர் கடமையின்போது செய்த காரியம் பற்றிய பிராதா? அதற்கு 175(4)-வது பிரிவு. அவருடைய மேலதிகாரியின் அறிக்கை வர வேண்டும். அவர் சொல்லும் சமாதானத்தையும் பரிசீலிக்க வேண்டும். வேலிக்கு ஓணான் சாட்சி!

பொய்ப் பிராதுகளைத் தடுக்கத்தான் இந்தக் கட்டு என்கிறார்கள். அபிடவிட் வேண்டும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது எந்த வழக்கில்? வீட்டுக் கடன் வாங்கிய ஒருவர், கடன் கொடுத்த கம்பெனியின் அதிகாரிகள் மீது பிராதுக்கு மேல் பிராது தொடுத்த வழக்கில். பொய்ச் சத்தியம் செய்பவனைத் தண்டிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. வக்கீல் வைக்க வசதியுள்ளவன் செய்த காரியத்துக்கு, கூலியை இழந்து கோர்ட்டுக்கு வரும் நடவுப் பெண்ணா அபராதம் கட்டுவது? வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமென்றால் வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-ல் இதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதை மீறும் ஸ்டேஷன் அதிகாரியிடம் இந்தக் கண்டிப்பு எங்கே?

உத்தரவு கிடைத்தாலும் விசாரிப்பது அதே போலீஸ்தான். சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமில்லை என்பது 2001-ம் வருடத்துத் தீர்ப்பு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்படி போலீசைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது 1967-ம் வருடத்துத் தீர்ப்பு. போலீசின் முடிவை ஏற்காமல் வழக்கைத் தானே கையில் எடுக்கலாம். அவருக்கு மிச்சம் அவ்வளவே.

நாம் கோருவது இதுதான்: போலீஸ் மீதான பிராதில் மேலதிகாரி அறிக்கை என்ற நிபந்தனையை நீக்கு! பிராதை வாங்க மறுக்கும் அதிகாரியைத் தண்டி!

அதுவரை தோழர்கள் சும்மா இருக்க வேண்டாம். பிராதை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பரின்டெண்டுக்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீது இல்லாமல் போனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு நிற்பது கஷ்டம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 1987-ம் வருடத்துச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. தாலுகா சட்டப் பணிகள் கமிட்டியில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு போங்கள். ஒருவன் பிராதைக் கிழித்துப் போடலாம். ஊரே திரண்டு கொடுக்கும் பிராதைக் கிழிக்கத் துணிச்சல் வராது!