கல்லூரி விழாவுக்கு ஊரையும் அழையுங்கள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சந்திக்கும் நசரத்பேட்டையில் பனிமலர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தண்டலத்தில் சவீதா, ராஜலட்சுமி கல்லூரிகள். நகரப் பக்கம் திரும்பினால் போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகம். செமஸ்டர் தேர்வு நெருங்குவதற்குள் சிம்போசியம், புராஜெக்ட் கண்காட்சி, கல்ச்சுரல்ஸ், சிறப்புச் சொற்பொழிவு என்று நிகழ்ச்சிகள் வரிசை கட்டும். தனியார் கல்லூரிகளில் பொதுவாக உள்ள வழக்கம் ஒன்றுதான்: ஃபிளெக்ஸ் சாலையைப் பார்த்துத் தொங்கும், கேட்டில் ஐடி கார்டு கேட்பார்கள். வெளிக் கல்லூரி மாணவர் கார்டைக் காட்டி உள்ளே போய்விடலாம். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருப்பவரின் மகள் பிளஸ் டூ படிப்பவளாக இருந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும். வரும் பருவத்திலிருந்தாவது இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. இந்தக் கல்லூரிகளை நடத்துபவை அறக்கட்டளைகள். கல்வியை லாபத்துக்கான வணிகமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கிலும் 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. கல்வியை அறப்பணியாகக் கொண்டுதான் வருமான வரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. காலையிலும் மாலையிலும் கல்லூரிப் பேருந்துகளின் நெரிசலைத் தாங்கிக்கொள்ளும் ஊருக்கு அந்த அறத்தில் பங்கு இருக்க வேண்டாமா? நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தொடங்கியது; அதன் கீழ் மாணவர்கள் ஊருக்குள் போய் ஏழு நாள் முகாம் போடுகிறார்கள். ஊர்க்காரர்கள் வளாகத்துக்குள் வர அப்படியொரு ஏற்பாடு இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்கு அழைத்துப்போய்க் காட்டும் களப்பயணம் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது அரசு செய்யும் ஏற்பாடு. 2025 ஜனவரியில் சென்னை ஐஐடி தன் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கெடுபிடிக்குப் பேர்போன வளாகத்திலேயே அது முடிந்தது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

பாதுகாப்பு என்னாகும் என்று கேட்பார்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு அந்தக் கவலையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மாணவிகளின் பாதுகாப்பைப் பணயம் வைத்து எந்த விழாவும் வேண்டாம். ஆனால் அந்தக் கொடுமை இரவில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடந்தது. நாம் கேட்பது பகலில், பெயரும் போன் நம்பரும் பதிந்துகொண்டு, அரங்கத்துக்கும் கண்காட்சிக் கூடத்துக்கும் மட்டும் அனுமதி. விடுதிப் பக்கம் யாரும் போக வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் வெளிக் கல்லூரி மாணவர்கள் வரும் கல்ச்சுரல்ஸை நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது புதிய வேலையல்ல.

சினிமா நட்சத்திரம் வரும் இரவுக்குக் கூட்டம் தாங்காது என்றால் அதை விட்டுவிடலாம். புராஜெக்ட் கண்காட்சிக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று சொல்பவர்களும் உண்டு; மாணவர்களுக்கே நட்டம் தரும் வாதம் இது. மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானே ஓடி நிற்கும் மோட்டாரை ஒரு மாணவர் செய்திருக்கிறார் என்று வையுங்கள். வைவா எடுப்பவர் சென்சாரைப் பற்றிக் கேட்பார். செம்பரம்பாக்கம் பக்கத்து விவசாயியோ, ‘கரண்ட் போய்ப் போய் வந்தா என்ன தம்பி ஆகும், விலை எவ்வளவு, ரிப்பேருக்கு யார்கிட்ட போறது?’ என்று கேட்பார். அதற்குத் தமிழில் பதில் சொல்லத் திணறுகிற மாணவருக்குத் தன் புராஜெக்டில் பாக்கி என்ன என்பது அங்கேயே விளங்கிவிடும். எந்த மதிப்பெண் பட்டியலும் அதைச் சொல்லித் தராது.

செலவும் பெரிதாக இல்லை. மாத நிகழ்ச்சிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வட்டார அரசுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பலாம். சொற்பொழிவு அரங்கில் இரண்டு வரிசையை ஊருக்கு ஒதுக்கலாம். கண்காட்சி ஒரு நாள் கூடுதலாக நடந்தால், பள்ளிப் பிள்ளைகள் பெற்றோருடன் வரச் சனிக்கிழமை தோதாக இருக்கும். அடுத்த சிம்போசியத்துக்கு அழைப்பிதழ் அச்சாகும்போதே இதையும் சேர்த்து அறிவிக்கக் கல்லூரி நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.